ஒரு காது மட்டும் திறந்த காலை

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் பிப்ரவரியில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் விடிந்துவிடுகிறது. அறைக்கு வெளியே இருந்த சிமெண்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மூக்கை இரண்டு விரலால் பிடித்து, வாயை மூடிக்கொண்டு மெதுவாக ஊதினேன். வலது காதில் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம், பழைய ட்யூப் லைட் ஸ்டார்ட்டர் மாதிரி. இடது காதில் ஒன்றுமில்லை. எச்சில் விழுங்கினேன். தாடையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினேன். தலையை வலப்பக்கம் சாய்த்து, இடது காதை வானத்துக்குக் காட்டி மறுபடி ஊதினேன். உள்ளே யாரோ ஈரப் பஞ்சை வைத்து அடைத்த மாதிரியே இருந்தது.

ஏழு மணிக்குப் படகு.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விடுப்பு சொல்லி, சென்னையிலிருந்து விமான டிக்கெட் எடுத்து, நான்கு நாள் ஸ்கூபா டைவிங்குக்கு முன்பணமும் கட்டியாயிற்று. கூட வந்திருப்பது மைத்துனன். அவனுக்கு முப்பது வயது, மூக்கு ஒருநாளும் அடைக்காது. அன்றைக்குப் போகவிருந்த இடம் ஜானிஸ் கார்ஜ். கரையிலிருந்து தள்ளி நடுக்கடலில், கிட்டத்தட்ட முப்பது மீட்டர் ஆழத்தில் கிடக்கும் பாறைத் தொகுதி அது. சீலா மீன் கூட்டம் சுற்றும், வெள்ளைமுனைச் சுறா படுத்திருக்கும் என்று கேட்டுக் கேட்டு மனதுக்குள் ஏற்கெனவே பத்து முறை போய் வந்திருந்தேன். கடல் அமைதியாக இருந்தால்தான் அங்கே கூட்டிப்போவார்கள். அன்று கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்தது.

சளி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மகன் பள்ளியிலிருந்து கொண்டுவந்தான். கிளம்புவதற்கு முந்தைய நாள் தொண்டையில் ஒரு கரகரப்பு, அவ்வளவுதான். விமானம் போர்ட் பிளேயரில் இறங்கும்போது (2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், வாயில் இன்னும் போர்ட் பிளேயர்தான் வருகிறது) இடது காது பிடித்துக்கொண்டு விடவில்லை. அப்புறம் ஹேவ்லாக்குக்குப் படகில் ஒன்றரை மணி நேரம், சாமி கும்பிடுகிற அளவுக்கு ஏசி. இரவு தலையில் நீர் கோத்துக்கொண்டது. அம்மாவுக்கு போன் போட்டபோது குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

“மூக்கால பேசுறியே. சளியோட தலைக்குக் குளிக்காதே.”

“நாளைக்குக் கடல்ல இறங்கணும்மா.”

“குளிக்கவே வேணாங்கிறேன், நீ கடல்ல போய் முழுகுறேங்கிற. நொச்சி கிடைச்சா ஆவி புடி.”

அம்மாவுக்குத் தெரியாமலே அவள் சரியான வார்த்தையைப் பிடித்திருந்தாள். முத்துக் குளிப்பது, சங்கு குளிப்பது என்று தூத்துக்குடிப் பக்கம் சொல்கிறோமே, அந்தக் குளியலுக்கு மூழ்குவது என்றுதான் பொருள். நான் வந்திருந்ததும் அதற்குத்தான்.

இதற்கு முன் ஒரு முறை இதே தீவில், இதே மூக்கடைப்போடு குளித்திருக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன்னால், காதுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்திருந்தால் அந்த முதல் முட்டாள்தனத்தைச் செய்திருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். தெரிந்துதான் செய்தேன்.

ஊட்டியில் தண்ணீர் குடித்துவிட்டு, காலி பாட்டிலை இறுக மூடி காரில் போட்டுவிட்டு மலை இறங்கியிருக்கிறீர்களா? மேட்டுப்பாளையம் வந்து பார்த்தால் பாட்டில் ஒட்டிப்போய் நசுங்கிக் கிடக்கும். உள்ளே இருப்பது ஊட்டிக் காற்று, வெளியே அழுத்துவது சமவெளிக் காற்று. ஊட்டி 2240 மீட்டர் உயரம். அங்கிருந்து மேட்டுப்பாளையம் வருவதற்குள் காற்றழுத்தம் ஏறுவது சுமார் 0.2 அட்மாஸ்பியர். இவ்வளவு அழுத்தம் கடலில் இரண்டு மீட்டர் இறங்கினாலே ஏறிவிடும். மலைப்பாதையில் இரண்டு மணி நேரத்தில், கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் காது அடைத்துத் திறந்து அடைத்துத் திறந்து இறங்குகிறோம். கடலில் அது பத்து விநாடி வேலை.

நடுச்செவி அந்த பாட்டில் மாதிரி. ஒரு பக்கம் செவிப்பறை, மறுபக்கம் எலும்பு, நடுவில் கொஞ்சம் காற்று. பாட்டிலுக்கு மூடி இருக்கிற இடத்தில் காதுக்கு ஒரு குழாய். மூக்கின் பின்பக்கம், தொண்டைக்கு மேலே போய்த் திறக்கும் யூஸ்டேஷியன் குழாய். சாதாரணமாக மூடியே இருக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறந்து மூடும். தண்ணீருக்குள் இறங்குகிறவன் அரை மீட்டருக்கு ஒரு தடவையாவது அதைத் திறந்து, உள்ளே காற்றை அனுப்பிக்கொண்டே போக வேண்டும். விட்டுவிட்டால் சுமார் 1.2 மீட்டருக்குள் அழுத்த வித்தியாசம் 90 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தொட்டுவிடும். குழாயின் மெல்லிய வாய் தானாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு ஊதினாலும் திறக்காது, மேலே ஏறித்தான் ஆக வேண்டும். இடுப்பளவு தண்ணீரைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் கணக்கு. சளி பிடித்தவனுக்கு இந்தக் குழாயின் சுவர் வீங்கியிருக்கும். மூக்கு ஒழுகுவது நின்ற பிறகும் அந்த வீக்கம் சில நாள் இருக்கும் என்பதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

ஆழத்தில்தான் ஆபத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். காதுக்கும் மூக்குக்கும் மோசமான இடம் மேலே இருக்கும் முதல் பத்து மீட்டர். அங்கேதான் காற்றின் கனஅளவு பாதியாகக் குறைகிறது. இருபதிலிருந்து முப்பதுக்குப் போகும்போது கால்வாசிதான் குறையும். அதனால் “இன்னிக்குச் சின்ன டைவ்தான், பத்து மீட்டர்தான்” என்று சளிக்காரன் தனக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதலில் ஒன்றுமே இல்லை.

2019 டிசம்பருக்கு வருகிறேன். அப்போதும் சளி. காலை ஐந்து மணிக்கு ஒரு சளி மாத்திரை, படகில் ஏறும் முன் மூக்குக்கு இரண்டு சொட்டு மருந்து. மூக்கு ஹைவே மாதிரி திறந்துகொண்டது. அந்த மருந்துச் சொட்டு நீட்டியது அங்கே வேலை பார்த்த ஒருவர்தான், ஆனால் குற்றத்தை அவர் தலையில் போட முடியாது. டைவுக்கு முன் நிரப்பித் தரும் உடல்நலப் படிவத்தில் சைனஸ் தொந்தரவு உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று நானே கட்டம் போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தேன். முதல் டைவ் அருமையாகப் போனது. இரண்டாவதில் பதினெட்டு மீட்டர் வரை இறங்கினேன், காது ஒரு வார்த்தை பேசவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆழமெல்லாம் தெரிந்துதான் காலை விட்டேன், மூக்கின் நிலைமைதான் தெரியவில்லை.

நாற்பது நிமிடம் கழித்து ஏறும்போது, ஏழு மீட்டரில், இடது புருவத்துக்கு மேலே யாரோ ஊசி வைத்துக் குத்தினார்கள். அப்படித்தான் இருந்தது. நெற்றி எலும்புக்குள் காற்றறைகள் இருக்கின்றன, அவற்றுக்கும் மூக்குக்குள் திறக்கும் சின்ன வாசல்கள் உண்டு. இறங்கும்போது மருந்தின் தயவில் வாசல் திறந்திருந்தது, அழுத்தத்துக்கு ஏற்றபடி காற்று உள்ளே போனது. ஏறும்போது மருந்து விட்டுவிட்டது, வாசல் மூடிக்கொண்டது. உள்ளே போன காற்றோ ஏற ஏற விரிகிறது. வெளியே வர வழியில்லை. டைவர்கள் இதை ரிவர்ஸ் பிளாக் என்கிறார்கள்.

இறங்கும்போது காது அடைத்தால் ஏறிவிடலாம், கெட்டுப்போவது ஒரு டைவ். ஏறும்போது அடைத்தால் எங்கே போவது? தங்க முடியாது, காற்று தீர்கிறது. என் சிலிண்டரில் 60 பார் அழுத்தத்துக்குத்தான் காற்று மிச்சம் இருந்தது. கூட வந்த வழிகாட்டியிடம் நெற்றியைத் தொட்டுக் காட்டி, கையை விரித்துப் பக்கவாட்டில் ஆட்டினேன். ஏதோ சரியில்லை என்பதற்கு அதுதான் சைகை. அவர் என் தோள்பட்டையைப் பிடித்து ஒரு மீட்டர் கீழே இறக்கினார். வலி கொஞ்சம் அடங்கியது. காத்திருந்தோம். அரை மீட்டர் ஏறினோம். மறுபடி ஊசி. மறுபடி இறங்கி, காத்திருந்து, ஏறி. தலைக்கு மேலே படகின் அடிப்பாகம் தெளிவாகத் தெரிகிறது, வெயில் தண்ணீரில் ஆடுவது தெரிகிறது, எட்டிப்பிடிக்கிற தூரம்தான். அந்த ஏழு மீட்டரை ஏறி முடிக்க பத்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. கடைசியில் நெற்றிக்குள் ‘கிரீச்’ என்று ஒரு சத்தம், காற்று வெளியேறியது, வலி போய்விட்டது. மேலே வந்து மாஸ்க்கைக் கழற்றினால் அடியில் ஒரு தேக்கரண்டி அளவுக்கு இளஞ்சிவப்பு நிறத்தில் ரத்தமும் சளியும் கலந்து கிடந்தது. காற்றுமானி 20 பார் காட்டியது. படகில் இருந்த ஒரு கல்லூரிப் பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

மூன்று வாரம் இடது பக்கம் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி கேட்டது. சென்னையில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். வயதானவர், கோபக்காரர். “கீழ போறதுக்கு மாத்திரை போட்டீங்க, சரி. நீங்க மேல வந்து சேர்ற வரைக்கும் அது வேலை செய்யும்னு உங்களுக்கு யார் எழுதிக் குடுத்தா?” என்று கேட்டார். பாட்டிலில் எத்தனை மணி நேரம் என்று போட்டிருந்தாலும், சளி கெட்டியாக இருந்தால் அதற்கு முன்பே விட்டுவிடும் என்றார். மூன்று நாளுக்கு மேல் அந்தச் சொட்டு மருந்தைப் போட்டால் மருந்தே மூக்கை அடைக்க ஆரம்பிக்கும் என்பதையும் அவர்தான் சொன்னார்.

மாத்திரை விஷயம் அதைவிட வேடிக்கை. நம் ஊர் சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால், ஃபினைல்எஃப்ரின், குளோர்ஃபெனிரமின் மூன்றும் சேர்ந்து இருக்கும். இதில் மூக்கடைப்புக்கு என்று இருப்பது ஃபினைல்எஃப்ரின். வாய் வழியாகச் சாப்பிட்டால் இந்த மருந்து மூக்கடைப்பைக் குறைப்பதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொன்னது. ஆக, மாத்திரையில் நிச்சயமாக வேலை செய்தவை காய்ச்சல் மருந்தும் தூக்க மருந்தும்தான். குளோர்ஃபெனிரமின் கண்ணைச் சொருகவைக்கும். முப்பது மீட்டரில் நைட்ரஜனே ஓர் அரைப் போதையைக் கொடுக்கும், அதன்மேல் இது வேறு.

காதைத் திறக்க நாம் ஊதுகிற ஊதலுக்கு வால்சால்வா என்று பெயர். அந்தோனியோ மரியா வால்சால்வா என்ற இத்தாலிய மருத்துவர் 1704இல் வெளிவந்த காது பற்றிய புத்தகத்தில் அதை எழுதினார். அவர் மனதில் கடலெல்லாம் இல்லை, காதிலிருந்து சீழை வெளியேற்ற ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார். அடைத்த காதோடு இறங்குகிறவன் இதை முக்கி முக்கிச் செய்யும்போதுதான் வம்பு. ஊத ஊதத் தலைக்குள் அழுத்தம் ஏறி, அது உள்செவியின் திரவம் வரை போகும். அங்கே வட்டச் சாளரம் என்று ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அது கிழிந்தால் தலைசுற்றல், இரைச்சல், நிரந்தரமாகவே கேட்காமல் போவதும் உண்டு. செவிப்பறை கிழிந்தால் பெரும்பாலும் தானாக ஆறிவிடும். உள்செவிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அந்தக் கோபக்கார டாக்டர் எனக்குச் சொன்னதிலேயே உறைத்தது இதுதான்: “பறை போனா தைக்கலாம் தம்பி. உள்ள போனா கும்பிடலாம்.”

இதெல்லாம் தெரிந்த ஆள்தான் பிப்ரவரியில் திண்ணையில் உட்கார்ந்து, இடது காதை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தவன். தெரிந்தும் என்ன, மனது கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. ஒரு காது திறந்திருக்கிறதே, பாதித் தேர்ச்சி. வெந்நீரில் ஆவி பிடித்தால் இன்னொன்றும் வந்துவிடும். போன தடவை போட்டது தப்பான மருந்து, இந்தத் தடவை வேறு. சிலிண்டருக்குள் இருக்கிற காற்று வறண்ட காற்று, அது மூக்கைக் காயவைத்துவிடாதா? இது நானே கண்டுபிடித்த மருத்துவம். நல்ல படிப்பு படித்தவன் ஒரு காரியத்தைச் செய்ய ஆசைப்பட்டுவிட்டால், படிப்பு முழுவதும் ஆசைக்கு வக்கீலாக வந்து நிற்கும்.

ஆறரைக்கு டைவ் கடைக்குப் போனேன். அங்கே இருந்த பயிற்சியாளர் தமிழர். அப்பா ராமநாதபுரத்துக்காரர், இவர் பிறந்து வளர்ந்தது போர்ட் பிளேயரில். அந்தமான் தமிழ் பேசுவார், நடுநடுவே இந்தி தானாக வந்து விழும். நான் வாயைத் திறந்ததும் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“என்னண்ணா, குரலே மாறிப்போச்சு.”

“லேசா சளி. வலது காது திறக்குது. இடதுதான்...”

“மருந்து போட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

“போடாதீங்க. போட்டா எனக்கு உங்க காது எப்படி இருக்குன்னே தெரியாது. மருந்து எப்படி இருக்குன்னுதான் தெரியும்.”

மைத்துனன் பக்கத்தில் நின்று வெட்சூட்டின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். “மாமா, சும்மா இறங்கிப் பாருங்க. கயித்தைப் புடிச்சுக்கிட்டு மூணு மீட்டர். முடியலேன்னா ஏறிடலாம். என்ன இப்போ?”

இந்த ‘இறங்கிப் பார்க்கலாம்’ என்பதுதான் எல்லாவற்றிலும் நியாயமான பேச்சு மாதிரி தெரியும். மூக்கு சுத்தமாக இருந்து, ஏதோ அன்றைக்குக் காது சோம்பல்படுகிறவனுக்கு அது சரியான யோசனைதான், எல்லோரும் செய்வதுதான். சளிக்காரனுக்கு அதில் இரண்டு ஓட்டை இருக்கிறது. மூன்று மீட்டரில் முடியவில்லை என்று தெரிந்துகொள்வதற்குள் செவிப்பறைக்குப் பின்னால் ரத்தம் கசிந்திருக்கலாம். அது ஒன்று. இரண்டாவது, முடிந்துவிட்டால்? அதுதான் எனக்கு 2019இல் நடந்தது. கீழே போக விட்ட மூக்கு மேலே வர விடவில்லை. கயிற்றைப் பிடித்து இறங்கிப் பார்க்கிற சோதனை, போகிற வழியை மட்டும்தான் சோதிக்கும்.

இன்னொன்றும் உண்டு, அதை மைத்துனனிடம் சொல்லவில்லை. தண்ணீரில் இறங்கிவிட்டால் நான் திரும்பி ஏற மாட்டேன் என்று எனக்குத் தெரியும். கீழே நீல இருட்டில் ஏதோ அசைவது தெரியும்; ஐந்து பேர் எனக்காகக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருப்பார்கள்; என் ஜோடியாக வந்த மைத்துனன் நான் ஏறினால் கூடவே ஏற வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் இன்னும் ஒரு தம் பலமாக ஊதுவேனே தவிர, கட்டைவிரலை மேலே காட்ட மாட்டேன். (கட்டைவிரலைத் தூக்கினால் தண்ணீருக்குள் ‘சூப்பர்’ என்று அர்த்தமில்லை, ‘மேலே போகலாம்’ என்று அர்த்தம். முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதில் மாட்டிக்கொள்வார்கள்.) டைவை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் நிறுத்தலாம் என்பது பயிற்சியின் முதல் நாளே சொல்லித்தருகிற விதி. தண்ணீருக்குள் அதைப் பயன்படுத்துகிற தைரியம் எனக்கு இல்லை. கரையில் இருக்கும்போதுதான் கொஞ்சம் இருக்கிறது.

பயிற்சியாளர் ஒரு கேள்வி மட்டும் கேட்டார். “நெஞ்சுல சளி இருக்கா? இருமினா வருதா?” இல்லை என்றேன். “அது இருந்தா இந்தப் பேச்சே பேசியிருக்க மாட்டேன்” என்றார்.

அது ஏன் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓட்டப் பயிற்சிக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: கழுத்துக்கு மேலே சளி என்றால் ஓடலாம், கீழே என்றால் படுத்துக்கொள். கடலில் கழுத்துக்கு மேலே இருப்பதே போதும், டைவைக் கெடுக்க. கீழே இருந்தால் அது வேறு வகை ஆபத்து. நுரையீரலின் ஒரு சின்னக் கிளையைக் கெட்டிச் சளி அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தமான காற்று எப்படியோ அதைத் தாண்டி உள்ளே போய்விடுகிறது, ஏறும்போது வெளியே வர முடியவில்லை. பத்து மீட்டரிலிருந்து மேலே வருவதற்குள் அந்தக் காற்று இரண்டு மடங்காகும். நுரையீரல் திசு கிழிந்து, காற்றுக் குமிழ் ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போகலாம். காது போனால் வீட்டுக்குப் போய் டாக்டரைப் பார்க்கலாம். இதற்கு உடனே அழுத்த அறைக்கு, அதாவது காற்றழுத்தத்தைக் கூட்டி அந்தக் குமிழைச் சுருக்கும் மூடிய அறைக்கு, கொண்டுபோக வேண்டும். ஹேவ்லாக்கிலிருந்து அதற்கு மறுபடி கடல் தாண்டி போர்ட் பிளேயர் போக வேண்டும். மூச்சை அடக்கினால் முத்தெடுக்கலாம் என்பது பழைய குளியாட்களுக்குப் பொருந்தும். சிலிண்டர் மாட்டியவன் ஏறும்போது மூச்சை அடக்கவே கூடாது, அவன் நெஞ்சில் எந்த இடத்திலும் காற்று அடைபடக் கூடாது.

அப்புறம் அந்தப் படிவம். இப்போது உலகம் முழுக்கப் புழங்குவது 2020இல் திருத்தியது. முதல் பக்கத்தில் பத்துக் கேள்விகள். நுரையீரல், இதயம், காது, சைனஸ், அறுவை சிகிச்சை என்று எல்லாம் கேட்கும். இந்தத் தடவை ஒழுங்காக 2019 கதையை எழுதி, டாக்டரிடம் கையெழுத்தும் வாங்கி வந்திருந்தேன். ஆனால் அது சென்னையில், ஜனவரியில், மூக்கு நன்றாக இருந்தபோது நிரப்பியது. ஹேவ்லாக்கில் அன்று காலை என் இடது காது எப்படி இருக்கிறது என்று அந்தக் காகிதத்துக்கு எப்படித் தெரியும்?

“நான் இறங்கல” என்றேன். சொன்னபோது பெருமையாக எதுவும் இல்லை, அழுகை வருகிற மாதிரி இருந்தது. நாற்பத்தொரு வயது. பயிற்சியாளர் ஒன்றும் சொல்லாமல் என் சிலிண்டரை எடுத்து ஓரமாக வைத்தார். “படகுல வாங்கண்ணா, சும்மா. இங்க உக்காந்து என்ன பண்ணுவீங்க.”

போனேன். அது தப்பான முடிவு என்று இப்போது தோன்றுகிறது. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் விழுந்து மறைந்த பிறகு, படகில் நானும் படகோட்டியும்தான். அவர் பெங்காலி; 1950களில் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து இந்தத் தீவில் குடியேறியவர்களின் பேரன். என்னைப் பார்த்து மூக்கைத் தொட்டுக் காட்டி, “சர்தி?” என்றார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தார். நானும் பார்த்தேன். குமிழ்கள் வந்துகொண்டே இருந்தன. கீழே ஒருவர் மூச்சு விட்டால் அது ஒரு கொத்தாக மேலே வந்து, வெடித்து, ஒரு வட்டம் விட்டு அடங்கும். ஆறு பேர், ஆறு இடத்தில் வட்டம். மைத்துனன் எது என்று கண்டுபிடிக்க முயன்றேன். வேகமாக மூச்சு விடுகிறவன் அவன். நின்ற படகு ஆட ஆட வயிறு கலங்கியது. சளியோடு கடல் மயக்கமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டாம்.

ஐம்பது நிமிடம் கழித்து மைத்துனன் தலை தண்ணீருக்கு மேல் வந்தது. ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுப்பதற்கு முன்பே கத்த ஆரம்பித்திருந்தான். மூன்று வெள்ளைமுனைச் சுறா, பாறைக்கு அடியில், பக்கத்துப் பக்கத்தில். சீலா கூட்டம் சுவர் மாதிரி. வீடியோ எடுத்திருந்தான். அதைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கரை வந்து சேருவதற்குள் நான்கு முறை பார்த்தேன்.

சாயங்காலம் நான்கு மணிக்கு, மூன்றாம் நம்பர் பீச் சந்தையில் டீயும் சமோசாவும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஒரு வாய் டீயை விழுங்கினேன். இடது காதில் ‘டிக்’.

உலகம் திடீரென்று இரண்டு பக்கமும் கேட்டது. ஆட்டோ, நாய், கடைக்காரர் வீட்டு டிவி.

“காது திறந்துடுச்சுடா” என்றேன்.

“அப்போ காலையில வந்திருக்கலாமே மாமா.”

இதற்கு என்ன பதில் சொல்வது? காலையில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. ஒருவேளை இரண்டு மீட்டரில் திறந்திருக்கும், சுறாவைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே ஏறியிருப்பேன். 2019இல் செய்தது தப்பு என்பதற்கு மாஸ்க்கில் ரத்தம் சாட்சி. இறங்காமல் இருந்தது சரி என்பதற்கு என்ன சாட்சி? ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான். ஒன்றும் நடக்காததை வீடியோ எடுத்து யாரிடம் காட்டுவது? நான்கரை மணிக்குக் காது மறுபடி மூடிக்கொண்டது. அதை மைத்துனனிடம் அவசர அவசரமாகச் சொன்னேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் கரையில்தான். ஆவி பிடித்தேன், நொச்சி கிடைக்கவில்லை, தங்குமிடத்துச் சமையல்காரர் கொஞ்சம் ஓமம் கொடுத்தார். உப்புத் தண்ணீரை மூக்கில் விட்டுக் கழுவினேன். எனக்கு நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்: எந்த மருந்தும் இல்லாமல், காலையிலும் ராத்திரியிலும், மெதுவாக ஊதும்போதே இரண்டு காதும் சேர்ந்து திறக்க வேண்டும், குனிந்தால் நெற்றி கனக்கக் கூடாது, ஒரு முழு நாள் இப்படி இருந்தால் பேசலாம். மூன்றாம் நாள் விடிகாலையிலிருந்து ராத்திரி வரை இரண்டு காதும் திறந்தே இருந்தன. நான்காம் நாள் காலை திண்ணையில்: டிக், டிக்.

அன்றைக்கு ஒரே ஒரு டைவ் போனேன். ஒன்று போதும் என்று பயிற்சியாளரும் சொன்னார்; மறுநாள் மதியம் விமானம், ஒரு டைவுக்குப் பிறகு பறக்கக் குறைந்தது பன்னிரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும், அது தாராளமாக இருந்தது. ஜானிஸ் கார்ஜ் இல்லை. முதல் தடவை வருகிறவர்களைக் கூட்டிப்போகும் பன்னிரண்டு மீட்டர் பவளப்பாறை. கயிற்றைப் பிடித்து, கால் கீழே தலை மேலே என்று நின்றபடி, ஒவ்வொரு கை இறங்கும்போதும் மூக்கைப் பிடித்தேன். இரண்டு மீட்டரில் பயிற்சியாளர் நிறுத்தி, காதைத் தொட்டுக் காட்டி, கண்ணால் கேட்டார். சரி என்று விரலை வட்டமாக்கினேன். நான்கு மீட்டரில் மறுபடி கேட்டார். கீழே சுறா எதுவும் இல்லை. ஒரு கடல்சாமந்திக்குள் இரண்டு கோமாளி மீன்கள் இருந்தன. அதில் சின்னது, தீப்பெட்டி நீளம்கூட இருக்காது, என் மாஸ்க்கைக் குறி வைத்து வந்து வந்து முட்டியது. காற்று பாதி தீரும்வரை அங்கேயே மண்டியிட்டு அதனிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். ஏறும்போது ஏழு மீட்டரில் தானாக நின்றுவிட்டேன். புருவத்துக்கு மேலே விரலை வைத்துக் காத்திருந்தேன். ஒன்றுமில்லை.

ராத்திரி அம்மா போன் செய்தாள்.

“குரல் தெளிஞ்சிருச்சே. இன்னிக்காவது குளிச்சியா?”

“குளிச்சேம்மா.”

“தலைக்கா?”

“தலைக்குத்தான். பன்னெண்டு மீட்டர்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“நல்லா துவட்டினியா?” என்றாள்.